மீதிங்க்ஸ்: ஒரு பழைய ஆங்கில வினைச்சொல்லில் நினைப்பது யார்?

ஆங்கிலத்தில் கொஞ்சம் வாசிக்கிறவர்கள் எல்லோருமே எங்காவது இந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். மீதிங்க்ஸ். யாராவது லேசான குறும்போடு ஒரு கருத்தைச் சொல்லும்போது வாக்கியத்துக்கு முன்னாலோ பின்னாலோ இதை ஒட்டிவிடுவார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால், “ஐ திங்க் என்பதை அந்தக் காலத்தில் இப்படிச் சொன்னார்கள், நான் நினைக்கிறேன் என்று பொருள்” என்பார்கள். இன்னும் சிலர், பழைய ஆங்கிலேயர்கள் இலக்கணத்தில் அவ்வளவு கறாராக இல்லை, “ஐ” வர வேண்டிய இடத்தில் “மீ” போட்டுப் பேசியிருக்கிறார்கள் என்றுகூட விளக்கம் தருகிறார்கள்.

இரண்டுமே தவறு. இந்தச் சொல்லுக்குள் இருக்கிற திங்க், நாம் பள்ளிக்கூடத்தில் படித்த திங்க் கிடையாது. அது தனியாக வாழ்ந்து மறைந்துபோன இன்னொரு வினைச்சொல். அதன் பொருள் “தோன்று”. ஆகவே மீதிங்க்ஸ் என்றால் “எனக்குத் தோன்றுகிறது”.

வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால் ஷேக்ஸ்பியரின் பல வரிகள் வேறு வெளிச்சத்தில் தெரியும், ஆங்கில இலக்கணம் ஏன் இன்றைக்கு இப்படி இருக்கிறது என்பதும் ஓரளவு புரியும். இதில் தமிழ் பேசுகிற நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் மெனக்கெட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயத்தை நாம் சாப்பாட்டு நேரத்தில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் இருக்கிற அந்த “ஸ்”

முதலில் சொல்லின் உருவத்தையே பார்ப்போம். மீ, திங்க், ஸ். இது வெறும் “ஐ திங்க்” என்பதன் பழைய வடிவம் என்றால் கடைசியில் ஸ் எதற்கு? ஆங்கிலத்தில் “நான்” என்பதோடு வினைச்சொல் ஸ் எடுக்காது. ஹி திங்க்ஸ், ஷி திங்க்ஸ், இட் திங்க்ஸ் என்று படர்க்கை ஒருமைக்குத்தான் ஸ் வரும். அப்படியானால் மீதிங்க்ஸ் என்ற சொல்லில் செயலைச் செய்வது “நான்” இல்லை, வெளியே சொல்லப்படாத ஏதோ ஒரு “அது”.

மீ என்பதும் பிழையாக வந்ததில்லை. இன்றைய ஆங்கிலத்தில் மீ என்ற ஒரே சொல் “என்னை” என்பதற்கும் “எனக்கு” என்பதற்கும் சேர்த்துப் பயன்படுகிறது. கிவ் மீ என்றால் எனக்குக் கொடு, சீ மீ என்றால் என்னைப் பார். மீதிங்க்ஸில் இருப்பது “எனக்கு” என்ற மீ. ஆக, துண்டு துண்டாகப் பார்த்தால் எனக்கு, தோன்று, கிறது. வாக்கியத்தின் மூன்று உறுப்புகளும் ஒரே சொல்லுக்குள் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கின்றன.

எனக்குப் பசிக்கிறது

தமிழில் “நான் பசிக்கிறேன்” என்று யாரும் சொல்வதில்லை. எனக்குப் பசிக்கிறது என்கிறோம். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் புரிகிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குத் தோன்றுகிறது. இவற்றில் எல்லாம் “நான்” எதையும் செய்யவில்லை. பசி, வலி, எண்ணம் ஏதோ ஒன்று வருகிறது, அது வந்து சேருகிற இடம் நான். அதனால்தான் “நான்” என்பதற்குக் கு என்ற உருபு சேர்ந்து எனக்கு ஆகிறது. பள்ளி இலக்கணத்தில் இதை நான்காம் வேற்றுமை என்று படித்திருப்போம்.

எனக்குப் பசிக்கிறது என்பதில் பசிக்கிறது என்ற வினைக்கு எழுவாய் எது? தேடினால் கிடைக்காது. எழுவாய் இல்லாமலேயே நடக்கிற இந்த மாதிரி வினையை இங்கே எழுவாயில்லா வினை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய கலைச்சொல் இந்த இரண்டுதான்.

ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலம் இந்த விஷயத்தில் நம்மைப் போலவே இருந்தது. பசி, தாகம், விருப்பம், வெட்கம், கனவு, தோற்றம் போன்ற, மனிதர் தம் விருப்பப்படி செய்யாத, அவர்களுக்கு நேர்கிற அனுபவங்களுக்கு எழுவாயில்லா வினைகளை அது தாராளமாகப் பயன்படுத்தியது. அதற்கென்று சொற்களில் வேற்றுமை உருபுகளும் இருந்தன.

9ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் தெற்கே இருந்த வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்ஃப்ரெட் மன்னர், லத்தீனில் இருந்த முக்கியமான புத்தகங்களை மக்கள் மொழியான ஆங்கிலத்தில் கொண்டுவர வேண்டும் என்று ஆயர்களுக்கு எழுதிய ஒரு முன்னுரை இருக்கிறது. திருத்தந்தை கிரெகரி எழுதிய நூலின் மொழிபெயர்ப்புக்கு முன்னால் வைத்தது. அதில் மன்னர் தன் யோசனையைத் தொடங்குகிற இடத்தில் இந்த வினை இரண்டு முறை வருகிறது. அவர் சொல்வதை அப்படியே தமிழில் வைத்தால், “ஆகவே எனக்கு இது மேலானதெனத் தோன்றுகிறது, உங்களுக்கும் அப்படித் தோன்றினால்” என்று வரும். எனக்கு, உங்களுக்கு, இரண்டும் நான்காம் வேற்றுமைதான். மொழிபெயர்க்க ஒரு சொல்லைக்கூட வளைக்க வேண்டியதில்லை. இதே வாக்கியத்தை இன்றைய ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் இட் சீம்ஸ் டு மீ என்று சுற்றிவர வேண்டியிருக்கும்.

இதுவரை பார்த்தது இதுதான்: மீதிங்க்ஸில் நினைப்பவர் யாரும் இல்லை, ஒரு எண்ணம் ஒருவருக்கு வந்து சேர்கிறது. மீ என்றால் எனக்கு. ஸ் என்பது சொல்லப்படாத “அது” என்பதற்கான விகுதி.

இரண்டு வினைகள், கடைசியில் ஒரே சத்தம்

அப்படியானால் “தோன்று” என்ற வினைக்கும் “நினை” என்ற வினைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் பெயர் ஒன்றாக இருக்கவில்லை. நினைப்பதற்குத் தென்ச்சன் என்று ஒரு வினை. தோன்றுவதற்குத் தின்ச்சன் மாதிரி ஒலித்த இன்னொரு வினை, ஆனால் அதன் முதல் உயிரெழுத்தை உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொல்வது போல உச்சரிக்க வேண்டும். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த உறவுக்காரச் சொற்கள்தான், ஆனால் அன்றைய காதுக்குத் தனித்தனியாகக் கேட்டன. இறந்தகாலமும் தனித்தனி: ஒன்று தோஹ்தே, மற்றது தூஹ்தே.

அப்புறம் உச்சரிப்பு மாறியது. உதட்டைக் குவித்த அந்த இகரம் பெரும்பாலான இடங்களில் சாதாரண இகரமாகிவிட்டது. தென்ச்சனில் இருந்த எகரமும் பக்கத்தில் இருந்த மெல்லின ஒலியின் இழுப்பில் இகரமாக ஏறியது. ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 14ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டுமே திங்க் என்கிற மாதிரி ஆகிவிட்டன, இறந்தகாலமும் தாட் என்று ஒன்றாகிப்போனது. சத்தம் ஒன்று, பொருள் இரண்டு. கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில், பயணிகள் ஒவ்வொருவரையும் பற்றிச் சொல்வதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது என்று சாசர் எழுதும் இடத்தில் “மீ திங்கெத்” என்றுதான் இருக்கிறது. கடைசியில் எத் இருப்பது பழைய விகுதி, பிற்பாடு ஸ் ஆனது இதுதான். சாசர் காலத்தில் “அவனுக்குத் தோன்றியது” என்பதற்கு ஹிம் தாட் என்றும் சொல்ல முடிந்தது. எனக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் தோன்றிக்கொண்டிருந்தது.

இந்த வினையின் சொந்தக்காரர்கள் பக்கத்து மொழிகளில் இன்னும் இருக்கிறார்கள். ஜெர்மனில் மிஷ் டூங்க்ட் என்று உண்டு, அங்கேயும் பழைய வாடை அடிக்கிற சொல்தான். ஐஸ்லாந்து மொழியில் மட்டும் மியேர் திகிர் என்று நான்காம் வேற்றுமையோடு அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் ஒருவருக்கு மீதிங்க்ஸை விளக்கவே தேவையிருக்காது.

மன்னரும் பேரிக்காயும்

சரி, இவ்வளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அமைப்பை ஆங்கிலம் ஏன் கைவிட்டது? இதை விளக்க டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் ஒரு வாக்கியத்தை உருவாக்கினார், மொழியியல் மாணவர்கள் இன்றும் அதை வைத்துத்தான் படிக்கிறார்கள். எனக்கும் இதைவிடத் தெளிவான விளக்கம் தெரியாது.

பழைய ஆங்கிலத்தில் “மன்னருக்குப் பேரிக்காய்கள் பிடித்தன” என்று ஒரு வாக்கியம். மன்னர் என்ற சொல்லில் “உக்கு” என்கிற மாதிரி ஒரு உருபு ஒட்டியிருக்கிறது. பிடித்தன என்ற வினை பன்மையில் இருக்கிறது, ஏனென்றால் அதன் எழுவாய் பேரிக்காய்கள். இன்றைய ஆங்கிலத்தின் லைக் என்ற வினைதான் இது. அன்றைக்கு அதன் பொருள் “பிடித்திரு, மகிழ்வி” என்பது, “விரும்பு” என்பது இல்லை.

அடுத்த சில நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொற்களின் கடைசியிலிருந்த உருபுகள் தேய்ந்து உதிர்ந்தன. மன்னருக்கு என்பதும் மன்னர் என்பதும் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கின. வினையின் பன்மை விகுதியும் போனது. இப்போது காதில் விழுவது வெறும் மூன்று துண்டுகள்: மன்னர், பிடித்த, பேரிக்காய்கள். இதற்கு நடுவில் ஆங்கிலம், வாக்கியத்தின் முதலில் நிற்பதுதான் எழுவாய் என்ற பழக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. புதிதாகப் பேசப் பழகும் குழந்தை இந்த வாக்கியத்தைக் கேட்டால் மன்னரைத்தான் எழுவாயாக எடுத்துக்கொள்ளும். த கிங் லைக்ட் பியர்ஸ். மன்னர் பேரிக்காய்களை விரும்பினார். சொற்களின் வரிசை மாறவே இல்லை, ஆனால் யார் யாருக்கு என்ன செய்கிறார் என்பது தலைகீழாகிவிட்டது.

தமிழில் இந்த விபத்து நடக்காததற்குக் காரணம் கு என்ற உருபு இன்னும் திடமாக நிற்பதுதான். “மன்னருக்கு” என்பதில் உக்கு இருக்கிற வரைக்கும் யாரும் அவரை எழுவாய் என்று தப்பாக நினைக்க முடியாது, சொற்களை எந்த வரிசையில் போட்டாலும் சரி.

லைக் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. லியர் மன்னர் நாடகத்தில் கென்ட் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது ஹிஸ் கவுன்டினன்ஸ் லைக்ஸ் மீ நாட் என்கிறார், அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை என்று. எழுவாய் முகம், எனக்கு என்பது மீ. இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிற மாணவர்கள் இந்த வரியில் தடுக்கி விழுகிறார்கள், நமக்கு நேராகப் புரிகிறது. இஃப் யூ ப்ளீஸ் என்று மரியாதையாகச் சொல்வதும், வோ இஸ் மீ என்று புலம்புவதும் அந்தக் காலத்தின் மிச்சங்கள்தான். முதலாவது, உங்களுக்கு அது பிடித்திருந்தால். இரண்டாவது, எனக்குக் கேடு வந்ததே. அங்கே இருக்கிற மீயும் “எனக்கு”.

மீதிங்க்ஸ் மட்டும் ஏன் தப்பித்தது என்ற கேள்விக்கு என் பதில் இது: “நான் நினைக்கிறேன்” என்று சொல்ல ஐ திங்க் ஏற்கெனவே தனியாக இருந்தது. அதனால் மீ திங்க்ஸை யாரும் ஐ திங்க் என்று மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. அது ஒரே கட்டியாக இறுகி, வாக்கியத்தில் எங்கே வேண்டுமானாலும் செருகக்கூடிய சொல்லாகிவிட்டது. தோன்றுவதற்கான பொதுவான வேலையை ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியான நார்ஸிலிருந்து வந்த சீம் என்ற வினை எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்கெல்லாம் தோன்றுவது நின்றுபோய், எனக்கு மட்டும் தோன்றுகிற ஒரே வடிவம் மிஞ்சியது.

ஆக, சத்தம் கலந்தது ஒரு காரணம், உருபுகள் உதிர்ந்தது இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்ததால்தான் இந்தச் சொல் இன்றைக்கு “நான் நினைக்கிறேன்” என்று தப்பாகப் படிக்கப்படுகிறது.

கனவு, ஆவி, மேகம்

இந்தச் சொல் உயிரோடு இருந்த காலத்தில் அது ஆடம்பரமான சொல்லாக இருக்கவில்லை. 1660களில் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் தனக்காகச் சுருக்கெழுத்தில் எழுதிவந்த நாட்குறிப்பில் சர்வ சாதாரணமாக வருகிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில், கோட்டைக் காவலாளி தூரத்தில் ஓடிவருகிற ஒருவனைப் பார்த்து, முதலில் வருகிறவனின் ஓட்டம் அகிமாசின் ஓட்டம் மாதிரி எனக்குத் தோன்றுகிறது என்கிறான். அங்கே இருப்பதும் மீ திங்கெத். அவன் யோசித்து முடிவுக்கு வரவில்லை. கண்ணுக்கு அப்படிப் படுகிறது, அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியரிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஹேம்லெட்டில் இளவரசன், என் அப்பாவைப் பார்க்கிறாற்போல எனக்குத் தோன்றுகிறது என்கிறான். செத்துப்போன மன்னரின் ஆவியை முந்தின இரவுதான் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிற ஹொரேஷியோ திடுக்கிட்டு, எங்கே என்று கேட்கிறான். என் மனக்கண்ணில் என்று பதில் வருகிறது. இங்கே மீதிங்க்ஸை நான் நினைக்கிறேன் என்று படித்தால் ஹொரேஷியோ திடுக்கிடுவதற்கே காரணம் இல்லாமல் போகிறது. ஒரு காட்சி வந்து கண்முன் நிற்கிறது என்று ஹேம்லெட் சொன்னதாகத்தான் அவன் காதில் விழுகிறது, அதனால்தான் பதறுகிறான்.

அதே நாடகத்தில் பின்னால் ஹேம்லெட்டும் பொலோனியஸும் ஒரு மேகத்தைப் பார்க்கிறார்கள். முதலில் ஒட்டகம் மாதிரி இருக்கிறது, அப்புறம் மீதிங்க்ஸ் இட் இஸ் லைக் எ வீஸல், மரநாய் இனத்துச் சின்ன விலங்கு ஒன்று மாதிரி, கடைசியில் திமிங்கலம் மாதிரி. மேகத்தைப் பற்றிப் பேசத் தோற்றத்தைக் குறிக்கிற சொல்லைவிடப் பொருத்தமானது எது? இந்த வரியை நாடகம் படிக்காதவர்களும் பார்த்திருக்கலாம். பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986இல் ஒரு கணினி நிரலை விளக்கும்போது, சின்னச் சின்ன மாற்றங்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்று காட்ட, இடைவெளிகளோடு சேர்த்து 28 எழுத்துகள் கொண்ட இந்த வாக்கியத்தைத்தான் இலக்காக வைத்தார்.

இறந்தகாலம் மீதாட். இது இன்னும் அழகாகத் தன் குணத்தைக் காட்டுகிறது, ஏனென்றால் கனவையும் பிரமையையும் சொல்ல எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப இதைத்தான் எடுக்கிறார்கள். மெக்பெத் கொலையை முடித்துவிட்டு வந்து, “இனி உறங்காதே” என்று ஒரு குரல் கத்தியது போல எனக்குத் தோன்றியது என்கிறான், அங்கே மீதாட். மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில் சிறையில் இருக்கும் கிளாரன்ஸ், தான் கடலில் மூழ்குகிற கொடுங்கனவை விவரிக்கும்போது ஏறக்குறைய மூச்சுக்கு ஒரு தடவை இதைச் சொல்கிறான். மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீமில் பாட்டம் தூங்கி எழுந்து, தனக்குக் கழுதைத் தலை இருந்த கனவைச் சொல்ல முயன்று, எனக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றியது என்று இதையே பிடித்துத் தொங்குகிறான். மில்டன் இறந்துபோன மனைவியைக் கனவில் கண்டதைப் பாடுகிற பதினான்கு வரிக் கவிதையின் முதல் சொல்லே மீதாட். இந்தக் கனவுகளை யாரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. அவை வந்தன.

எல்லோரும் மாற்றிச் சொல்கிற ஒரு வரி

மீதிங்க்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மீதிங்க்ஸ் த லேடி டோத் ப்ரொடெஸ்ட் டூ மச் என்ற வரி. நாடகத்தில் இது இப்படி இல்லை. த லேடி டோத் ப்ரொடெஸ்ட் டூ மச், மீதிங்க்ஸ். சொல் கடைசியில் வருகிறது. ஹேம்லெட்டின் அம்மா கெர்ட்ரூட் இதைச் சொல்கிறாள்.

ப்ரொடெஸ்ட் என்றால் இங்கே எதிர்ப்பதோ மறுப்பதோ கிடையாது, ஆணையிட்டுச் சொல்வது. நாடகத்துக்குள் நடக்கிற நாடகத்தில் ஒரு ராணி, கணவன் செத்தாலும் இன்னொருவரை மணக்கவே மாட்டேன் என்று சத்தியத்துக்கு மேல் சத்தியம் செய்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கிற கெர்ட்ரூடோ கணவன் இறந்த கொஞ்ச நாளிலேயே அவன் தம்பியை மணந்தவள். ஹேம்லெட் வேண்டுமென்றே நாடகம் எப்படி என்று கேட்கிறான். அவள் சொல்லும் பதிலைப் பேச்சுத் தமிழில் சொன்னால், “அந்தம்மா கொஞ்சம் அதிகமாவே சத்தியம் பண்றாங்களோன்னு தோணுது” என்பதுதான். முதலில் பட்டென்று விமர்சனம், அப்புறம் கடைசியில் அதை மெதுவாகத் தணிக்கிற ஒரு “தோணுது”. மீதிங்க்ஸை முன்னால் கொண்டுபோய் வைத்தால் இந்தத் தயக்கம் காணாமல் போகிறது. நான் நினைக்கிறேன் என்று மொழிபெயர்த்தால் இன்னும் மோசம், ராணி தீர்ப்பு எழுதுவது போல ஆகிவிடும்.

தமிழில் எதை வைப்பது

மொழிபெயர்க்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அகராதிகளில் ஐ திங்க் என்றும் ஒரு பொருள் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நான் நினைக்கிறேன் என்று எழுதிவிட வேண்டாம். எனக்குத் தோன்றுகிறது, என் மனசுக்குப் படுகிறது, எனக்கென்னவோ அப்படித்தான் இருக்கிறது, இல்லையென்றால் வெறுமனே “போல” என்று ஒரு சொல்லே போதும். நம்மிடம் இத்தனை வழி இருக்கிறது. ஆங்கிலத்தின் ஐ திங்க் பழக்கத்தில், தமிழ்ப் பேட்டிகளிலும் பேச்சுகளிலும் நான் நினைக்கிறேன் அவர் வருவார் என்று வாக்கியத்தைத் தொடங்குவது இப்போது அதிகமாகிவருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் வருவார் என்று தோன்றுகிறது என்பதில் இருக்கிற பணிவு அதில் கிடைப்பதில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் எழுதுவதானால்

சொல்லை நீங்களே பயன்படுத்த விரும்பினால் சில விஷயங்கள். ஐ மீதிங்க்ஸ் என்று எழுதக்கூடாது, “நான் எனக்குத் தோன்றுகிறது” என்று சொல்வதற்குச் சமம். ஹி மீதிங்க்ஸும் அதே பிழைதான். இறந்தகாலத்துக்கு மீதாட், மீதிங்க்ட் என்று ஒன்று கிடையாது. மீசீம்ஸ் என்று எங்காவது கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம், சீம் என்ற வினையை வைத்து இதே அச்சில் வார்த்த சொல் அது, பொருளும் அதேதான். வாக்கியத்தின் முன்னால், நடுவில், பின்னால் எங்கேயும் மீதிங்க்ஸ் வரலாம். பின்னால் வரும்போது முன்னால் ஒரு காற்புள்ளி வேண்டும்.

இன்றைக்கு இதைக் கேட்கிறவர் காதில் பழமையும் கொஞ்சம் விளையாட்டும் சேர்ந்து ஒலிக்கும். நண்பர்களுக்கு எழுதும்போதும், பழைய காலத்துக் கதை எழுதும்போதும் நன்றாகப் பொருந்தும். வேலைக்கான விண்ணப்பத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ வைத்தால் படிப்பவர் கேலி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே இட் சீம்ஸ் டு மீ என்று எழுதுங்கள். ஒரு “அது”, ஒரு “தோன்றுகிறது”, ஒரு “எனக்கு” என்று பழைய சொல்லின் மூன்று உறுப்புகளும் அதில் அப்படியே இருக்கின்றன.